டுவேன் தொடாத தோட்டா

நாலாவது குண்டு இலக்கு அட்டைக்குப் போகவில்லை. என் கைக்குள்ளேயே வெடித்தது. பிஸ்டல் பிடியின் மரப்பலகைகள் இரண்டும் பிளந்து பறந்தன. தோட்டாக்கள் அடைத்த மேகசின் அடிவழியாகப் பிய்த்துக்கொண்டு தரையில் விழுந்தது, முகத்தில் சூடாக என்னவோ வாரி அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. "நிறுத்து! எல்லாரும் நிறுத்து!" என்று ஹால் கிரைனர் கத்தியது காதடைப்பையும் மீறிக் கேட்டது. அவர்தான் எங்கள் துப்பாக்கி கிளப்பில் வியாழக்கிழமைப் போட்டியை நடத்துகிறவர். ஓடி வந்து என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல்கள் ஐந்தும் இருந்தன. ஆள்காட்டி விரலில் மட்டும் உணர்ச்சியே இல்லை. விசையை இழுக்கிற விரல் அது. பியர் வைத்திருந்த ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து அதற்குள் என் கையை முக்கினார்கள்.

ஹால் குனிந்து தரையில் கிடந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தேடி எடுத்தார். அடிப்பக்கம் கிழிந்திருந்தது. நாங்கள் தோட்டாவை வீட்டிலேயே பிரெஸ் என்கிற கைமெஷினில் செய்துகொள்கிறவர்கள், அதற்குப் பேர் லோடு போடுவது. எங்கள் ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு கூட்டுக்குள் இரண்டு பங்கு வெடிமருந்து விழுந்திருக்கிறது. அட்டையைச் சுடுவதற்கு நாங்கள் போடுகிற மருந்து கொஞ்சம்தான், கூட்டில் பாதிகூட வராது. அதனால் இரண்டாவது பங்கு விழுந்தாலும் வழியாது, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்திவிட்டால் வெளியில் ஒன்றும் தெரியாது.

"ரெட்டையா விழுந்திருக்கு," என்றார் ஹால். "யாரு போட்ட லோடு இது?"

சிரிப்பு வரவேண்டிய கேள்வி. அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். நான் மாவட்டப் போட்டியில் முதலில் வந்த வருஷத்திலிருந்து என் கணவன் டுவேன் ஸ்லாவிக் கிளப்பில் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறான். "விரல் அவளுது, மருந்து என்னுது. பிரெஸ் பக்கம் அவ வந்ததே கிடையாது." நான் வாங்கிய ஒவ்வொரு கோப்பைக்கும் இந்த வாழ்த்து. மான்கறி சில்லிக் குழம்பை வழித்துத் தின்றுகொண்டே சொல்வான், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்த டுவேன்தான் இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், வாய் கூசாமல் சொன்னான்:

"இந்தப் பெட்டி அவ போட்டது. தானே பழகறேன்னு ஒரே பிடிவாதம். கூட ஒருத்தர் இல்லாம உக்காராதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாத்தானே?"

வலி ஒரு பக்கம், அதிர்ச்சி ஒரு பக்கம். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் நான், அறுபது பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கூத்தடித்தாலும் ஒரு அதட்டலில் அடக்குகிறவள். அன்றைக்கு ஐஸ் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு ஊமை மாதிரி நின்றேன். யாராவது ஒருவர் கேட்பார் என்று பார்த்தேன். லூ பெட்ராக் தன் பூட்ஸைப் பார்த்தார். எனக்கு அடுத்த இடத்தில் நின்று சுடுகிறவர் லூ, என் பேத்திக்கு ஞானத்தகப்பன். மற்றவர்கள் அட்டைகளைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். அடப்பாவிகளா, ஒருவனுக்குக்கூடவா ஞாபகம் வரவில்லை!

ஹால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வெர்னா, கோவிச்சுக்காதம்மா. விசயம் தெளிவாகற வரைக்கும் நீ சுடற லைன்ல நிக்க வேணாம். பக்கத்துல நிக்கறவன் கண்ணுக்கு நான்ல பொறுப்பு?" என்றார். ரெட்டை மருந்து போட்டவர் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் எங்கள் ஊரில் அவ்வளவுதான். பக்கத்து இடத்தில் யாரும் நிற்கமாட்டார்கள். வாயால் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பையை எடுத்துக்கொண்டு நாலு இடம் தள்ளிப் போவார்கள். மார்ச்சில் மாநிலப் போட்டி. அதற்குத்தான் நான் இரண்டு குளிர்காலமாக உயிரை விட்டுப் பழகிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் பனி தூறிக்கொண்டிருந்தது. டுவேன் வண்டியை ஓட்டினான், ஹீட்டரை என் பக்கம் திருப்பிவிட்டான். பெரிய கரிசனம்!

"ஏன்யா அப்படிச் சொன்ன?"

"இங்க பாரு வெர்னா. சனிக்கிழமை வகுப்பு நான் எடுக்கறேன். லோடு போடறது எப்படின்னு ஊருல பாதிப் பேரு என்கிட்ட கத்துக்கறான். என் பேரு கெட்டா எல்லாம் போச்சு. உனக்கென்ன? பொம்பளை, ஏதோ தெரியாம பண்ணிட்டான்னு ரெண்டு வாரத்துல மறந்துருவாங்க."

"எனக்கு விரல் மரத்துக் கெடக்குய்யா!"

"அது வந்துரும்."

அது வந்துருமாம். இவனென்ன டாக்டரா? அப்புறம் போய்ப் பார்த்த டாக்டரே வரலாம், வராமலும் போகலாம் என்றுதான் சொன்னார். நடந்தது எப்படி என்று எனக்குத் தெரியும். எங்கள் பிரெஸ் பழைய மாதிரி. கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் மருந்து விழும், பிறகு கட்டை விரலால் கூடுகள் நிற்கிற தட்டை ஒரு இடம் தள்ளிவிட வேண்டும். தள்ள மறந்து மறுபடி இழுத்தால் அதே கூட்டில் இன்னொரு பங்கு விழும். இந்தத் தோட்டாக்களைப் போட்ட ஞாயிற்றுக்கிழமை காரேஜில் டிவியைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். ஃபுட்பால். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன், "ஓடுடா, ஓடு!" என்று அவன் கத்தியது சுவரைத் தாண்டிக் கேட்டது. துள்ளி எழுந்திருப்பான், திரும்ப உட்கார்ந்து கைப்பிடியை இழுத்திருப்பான். மனுஷன் தவறுவது சகஜம். விரல் போனாலும் அதை மன்னித்திருப்பேன். சத்தியமாக மன்னித்திருப்பேன்.

சனிக்கிழமை அவன் வகுப்பெடுக்கப் போனான். பாதுகாப்பைப் பற்றிப் பாடம் நடத்த! வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் காரேஜுக்குப் போனேன். அதே ஞாயிற்றுக்கிழமை போட்ட இன்னொரு பெட்டி அலமாரியில் இருந்தது, மேலே அவன் கையெழுத்தில் தேதி. தோட்டாவைத் தராசில் வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பித்தளையும் ஈயமும் ஒன்றுக்கொன்று எடை மாறும். ஒவ்வொன்றாகப் பிரித்தால்தான் உண்டு. அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது. தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி சிமெண்டுத் தரையில் ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று உள்ளே விழும். வலது கையால் பிடிக்க முடியவில்லை, இடது கையால் அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் டுவேனின் ஒவ்வொரு வார்த்தை ஞாபகம் வந்தது, சில தோட்டாக்கள் ஒரே அடியில் கழன்றன. பெட்டியில் பாதி தாண்டுவதற்குள் ஒரு கூட்டிலிருந்து மற்றதைப் போல இரண்டு மடங்கு மருந்து கொட்டியது.

அதைக் கொண்டுபோய்க் காட்டலாம். நானே மருந்தை ஊற்றிக் கொண்டுவந்தேன் என்று டுவேன் சொல்வான். கிளப் ஆட்களும் மறுபடி பூட்ஸைப் பார்ப்பார்கள். பிறகு மிச்சத்தையும் பிரித்தேன். பிரெஸ் பக்கம் வந்ததே இல்லை என்று அவன் பீற்றிக்கொண்ட வெர்னா, அவன் வருவதற்குள் அங்கே உட்கார்ந்து ஒரு வேலை செய்து முடித்தாள்.

அடுத்த வியாழக்கிழமை விரலில் கட்டோடு அவன்கூடவே கிளப்புக்குப் போனேன். "வேடிக்கை பாக்க வந்தியாக்கும்," என்றான், பெரிய மனசு பண்ணி. போட்டி ஆரம்பிக்கும் முன் அந்தப் பெட்டியை எடுத்து மேஜையில், அவன் பிஸ்டலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"டுவேன், இது யாரு போட்டது?"

கையெழுத்தைப் பார்த்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது நான் போட்டது."

"என் கையில வெடிச்சதும் இதுவும் ஒரே நாள் போட்டது. நீ சொன்னபடி அது நான் போட்டது, இது நீ போட்டது. சரிதானே?"

"சரிதான். அதுக்கென்ன இப்ப?"

"இது நல்ல லோடா?"

"என் லோடுல என்னைக்காவது குத்தம் வந்திருக்கா? கேளு, இவங்களையே கேளு."

பெட்டியிலிருந்து ஐந்து தோட்டாக்களை எடுத்து மேஜையில் வரிசையாக நிறுத்தினேன். "அப்ப அஞ்சு சுடு."

லூ சிரித்தார். "சுடேன்யா. உன் மருந்துதானே, உனக்கென்ன பயம்?" வேறு யாரும் சிரிக்கவில்லை. டுவேன் தோட்டாக்களைப் பார்த்தான். அவன் கழுத்து சிவந்தது. அவன் காதில் அந்த ஞாயிற்றுக்கிழமை டிவி சத்தம் கேட்டிருக்கும், அந்த ஓட்டம், அந்தக் கூச்சல்.

"நான் இன்னிக்கு வேற லோடு கொண்டாந்திருக்கேன்."

"அதை அப்புறம் சுடு. முதல்ல இதை."

"ஏய், என்ன விளையாடறியா? ஹால், சொல்லு இவகிட்ட. போட்டிக்கு நேரமாவுது."

ஹால் காதடைப்பைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு டுவேனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் மேஜை வரைக்கும் வந்தன, மேகசினை எடுத்தன, திரும்ப வைத்தன. தோட்டாவை ஒருமுறைகூடத் தொடவில்லை. பிறகு இரண்டும் ஜாக்கெட் பைக்குள் போய்விட்டன.

"வெளிச்சம் சரியில்ல," என்றான்.

நான் ஒரு தோட்டாவை எடுத்து ஹாலின் காதருகே ஆட்டினேன். எங்கள் மருந்து கூட்டுக்குள் மெல்லச் சலசலக்கும், உப்புக் குடுவையை ஆட்டினாற்போல. ஹால் நெற்றியைச் சுருக்கினார். இன்னொருமுறை ஆட்டினேன்.

"ஒண்ணும் கேக்கலியே?"

"கேக்காது. பெட்டியில ஒண்ணுலயும் மருந்து கிடையாது. எல்லாத்தையும் கொட்டிட்டு வெறும் கூட்டுல குண்டை வெச்சு அழுத்தியிருக்கேன். ஒருத்தன் கையைப் போக்கடிக்கற புத்தி எனக்குக் கிடையாது. இவன் கையில எடுத்து ஒரு தடவை ஆட்டிப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும். லோடு போடறவன் செய்யற முதல் வேலை அது. அவன் போட்டதைத் தொடவே அவனுக்குப் பயம்."

டுவேன், "இது ஏமாத்து," என்று ஆரம்பித்தான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை. லூ அவசரமாக, போன வாரம்வரை நான் நின்ற இடத்தில் பரப்பி வைத்திருந்த தன் பையைத் தூக்கிக் கீழே வைத்தார். "வாம்மா வெர்னா. இந்தா, உன் இடம்," என்றார். குரலில் என்ன தேன்!

என் கோபம் அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது.

"இருக்கட்டும்யா உன் இடம். விரல் அவளுது, மருந்து என்னுதுன்னு இவன் இத்தனை வருசமா பாடினானே, நீங்க யாருமே கேட்டதில்லையா? லூ, உனக்குக் காது இல்ல? போன வாரம் ஏன்யா ஒருத்தனும் வாயைத் தொறக்கல?"

ஓரத்தில் சில்லிப் பானை கொதித்துக் கொண்டிருந்தது. மேஜையில் நாலு தோட்டாக்கள் நின்றன. ஐந்தாவதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்ட ஹால், என் முகத்தைப் பார்க்காமல், அதைக் காதில் வைத்து ஆட்டிக்கொண்டே இருந்தார்.