எண்ணெய் டின்னில் கறிவேப்பிலை

அன்று ஷ்யாமளா மாமி சிரித்தாளா என்பது இப்போது எனக்கு நிச்சயமில்லை. சிரித்ததாகத்தான் ஞாபகம். ஆனால் அவமானப்பட்டவளின் ஞாபகத்தில் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். அது மில் ஸ்டிரைக் நடந்த வருஷமா, அதற்கு அடுத்ததா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

செடி மட்டும் தெளிவாகத் தெரிகிறது. மாதுங்காவில் எங்கள் மாடி வீட்டு பால்கனியில், பழைய எண்ணெய் டின்னில் என் மாமியார் அம்மிணி வளர்த்த கறிவேப்பிலை. மார்க்கெட்டில் காய் வாங்கினால் ஒரு கொத்து சும்மாவே கிடைக்கும். "யார் யார் கையெல்லாம் பட்டதோ" என்று அதை அம்மிணி தொடமாட்டாள். ரசத்துக்கும் கூட்டுக்கும் அவள் செடிதான். மாதத்தில் மூன்று நாள் தள்ளி இருக்கும் பெண் தொட்டால் அது பட்டுப்போகும் என்பது அந்த வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். நானும் கேட்டதில்லை.

ஒரு நாள் காலை அவள் சொல்லித்தான் நான் அதில் பறித்தேன். பிறகு ரயிலேறி ஆபீசுக்குப் போனேன். அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சாயங்காலம் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டு, வழக்கம்போல மூலையில் பாயைப் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் இலைகளின் நுனி கருகியது. பிறகு தொட்டாலே உதிர்ந்தது.

பக்கத்து வீட்டு ஷ்யாமளா மாமி ஒரு ஆர்க்கு கறிவேப்பிலை கேட்டு வந்தாள்.

"இலையா? வந்து பாருங்கோ, வெறும் குச்சியாக்கும் நிக்கறது" என்று அம்மிணி அவளை பால்கனிக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள். என் கணவர் ஜகந்நாதன் ஷேவ் செய்துகொண்டிருந்தார். மாமனார் பஞ்சு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி விஜி, அன்னிக்குப் பறிச்சயே, அப்பவே உனக்குத் தெரியுமோல்லியோ?"

"இல்லைம்மா. ஆபீஸ் போனப்புறம்தான்..."

"லோக்கல்ல அடிச்சுப் பிடிச்சு ஏறறவளுக்கு நாளாவது கிழமையாவது!"

"போட்டும் மாமி. ஆபீஸ் போற பொண்கள் இருக்கற ஆத்துல செடி பிழைச்சாத்தான் அதிசயம்" என்றாள் ஷ்யாமளா மாமி.

அப்போதுதான் சிரித்தாள் என்று நினைக்கிறேன். ஜகந்நாதன் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. அவர் கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. மாமனார் பேப்பரை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

"இது துளிர்க்கற வரைக்கும் நீ அடுக்களைக்குள்ள வர வேண்டாம்" என்றாள் அம்மிணி.

அன்று முதல் எனக்குச் சாப்பாடு தட்டில் வைத்து வெளியே வந்தது. மெல்ல நானே நம்பத் தொடங்கினேன். அன்று காலை இடுப்பு வலித்ததோ? தெரிந்தும் தெரியாதவளாக இருந்தேனோ? ரயிலில் இடம் கிடைத்தாலும் உட்காராமல் நின்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மிணி கோயிலுக்குப் போயிருந்தாள். பால்கனிக்குப் போய் டின் மண்ணைக் கிளறினேன். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நடுவே இஞ்சித் துணுக்குகள், பச்சை மிளகாய் விதைகள்.

திரும்பினேன். மாமனார் கையில் சொம்போடு நின்றிருந்தார்.

அதில் சம்பாரம் இருந்தது. உப்பு, இஞ்சி, பச்சை மிளகாய் போட்ட மோர். வயிற்றுப் புண்ணுக்காக டாக்டர் காபியை நிறுத்தச் சொன்னதிலிருந்து அம்மிணி தினமும் அதைத்தான் கலந்து வைப்பாள். அவர் அதை முடித்துவிட்டு கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்துவிட்டு வருவார். வரும்போது மூச்சில் காபி மணக்கும்.

"கறிவேப்பிலைக்கு மோர் நல்லதாச்சே, வீணாப் போக வேண்டாமேன்னுதான்..." என்றார்.

உள்ளங்கையில் இருந்த உப்பு மண்ணை அவரிடம் நீட்டினேன்.

"நான் சொல்லிடறேன்மா."

சாப்பிடும்போது சொன்னார். "அம்மிணி, செடிக்கு நான் தினம் மோர் விட்டுண்டிருந்தேன். அதனாலதான் போச்சு."

"மோர் விட்டா செடி தழைக்கும். நானே விடறதில்லையா? மாட்டுப்பொண்ணுக்காகப் பொய் சொல்றேளாக்கும். எனக்காக உங்கம்மாகிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கேளா?"

ஜகந்நாதன் சிரித்துவிட்டார்.

இன்னும் ஒரே வார்த்தை பாக்கி இருந்தது. உப்பு. அதைச் சொன்னால் சம்பாரம் ஏன் டின்னுக்குப் போனது, கிங்ஸ் சர்க்கிளில் என்ன வேலை என்பதெல்லாம் வரும். மாமனார் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசையத் தொடங்கினார். அவர் காது சிவந்திருந்தது.

நானே சொல்லியிருக்கலாம். மகனுக்கு முன்னால் அவரை நிறுத்திக் கேட்பார்கள், என்னைக் கேட்டதுபோலவே. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாளிலிருந்து மாமனார் சம்பாரத்தை என் கண்ணெதிரே குடித்தார். சில வருஷங்களில் அந்த வயிற்றுப் புண்ணாலேயே இறந்தார். செடி துளிர்க்கவில்லை. அம்மிணி வேறொன்று வைத்தாள், அது நன்றாக வந்தது. முழங்கால் வலி வந்த பிறகு அடுக்களையை என்னிடம் விட்டாள். கடைசிவரை அவளுக்கு விஷயம் தெரியாது. ஷ்யாமளா மாமி மகனோடு புனே போய்விட்டாள். ஜகந்நாதன் ரிட்டயராகிவிட்டார், நாங்கள் செம்பூரில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் செடி இல்லை. காய்க்காரன் சும்மா தரும் கொத்தை வாங்கிக்கொள்கிறேன்.