சாப்பாட்டுக்குப் பின் ஒன்று

ஞாயிறன்று கோயில் திருவிழா. அந்தப் பூசையில் மாதா பாட்டைப் பெர்னார்ட் தனியாகப் பாட வேண்டும் என்று பாடகர் குழுவினர் கேட்டிருந்தனர். முப்பத்தெட்டு ஆண்டுகள் அதை அவரும் மனைவி அமலம்மாளும் அருகருகே நின்று பாடியிருந்தார்கள். அமலம்மாள் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், அது மீண்டும் ஒலிக்கப்போவது இப்போதுதான்.

ஆனால் பத்து நாள்களாகப் பெர்னார்டின் வயிறு அவர் சொல் கேட்கவில்லை. நீரிழிவுக்காக மருத்துவர் குறைந்த அளவில் ஒரு மாத்திரையைத் தொடங்கியிருந்தார். புதிய விருந்தாளியை வெறும் வீட்டில் உட்காரவைத்தால் அவர் பாத்திரங்களை உருட்டத்தான் செய்வார். மாத்திரையும் வயிற்றில் உருட்டியது. சென்ற ஞாயிறு, காணிக்கைப் பாட்டின் நடுவே பெர்னார்ட் கழிப்பறைக்கு ஓட நேர்ந்தது.

வியாழக்கிழமை, உடன் பாடும் பழைய கூட்டாளி நாதன், கெலுகோர் ஊரிலுள்ள பெர்னார்டின் வீட்டுக்குக் காரில் வந்தார்.

“ஞாயித்துக்கிழம வரைக்கும் மாத்திரைய நிப்பாட்டலாம்னு இருக்கேன்,” என்றார் பெர்னார்ட்.

“நீ என்ன டாக்டரா? கிளினிக்ல கேட்டுட்டு நிப்பாட்டுலா. காடியில ஏறு.”

கிளினிக்கில் மருந்து வழங்கும் முகப்பில் சலேஹா என்ற பெண் மலாயில் பொறுமையாக விசாரித்தார். மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள்? தினமும் காலை ஐந்தரைக்கு, பூசைக்குப் புறப்படுமுன். சாப்பாட்டுக்குப் பின்தானே? ஆமாம்.

“பொய் சொல்றான்,” என்றார் நாதன் தமிழில். “நன்மை வாங்குறதுக்கு முன்னால ஒரு துண்டு ரொட்டி தொடமாட்டான்.”

“ராத்திரி சாப்பிட்டேன்ல. அதுக்குப் பின்னாலதானே மாத்திர.”

நற்கருணை பெறுமுன், நள்ளிரவு முதல் உண்ணாமலிருக்கும் நோன்பைத் திருச்சபை எப்போதோ ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டது. பெர்னார்டின் வீட்டில் அது குறையவில்லை. பூசை முடிந்ததும் கணவனும் மனைவியும் பசியோடு மூலைக்கடைக்கு நடப்பார்கள். சூடான ரொட்டி சானாயைப் பருப்புக்குழம்பில் தோய்த்து, முதல் விள்ளலை அமலம்மாள் கண்மூடி உண்பார். அந்தப் பசியைக் கைவிடப் பெர்னார்டுக்கு மனம் வரவில்லை.

நாதன் அதை மலாயில் சொன்னபோது சலேஹா சிரிக்கவில்லை. “நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார்.

“பிஸ்கட். ரெண்டு.”

“முந்தின நாள்?”

பெர்னார்ட் மறுபடியும் இரண்டு விரல்களைக் காட்டினார். நாதன் தரையைப் பார்த்தார்.

சலேஹா மருத்துவரிடம் பேசிவிட்டு வந்தார். நாளை முதல் மாத்திரையை இரவு உணவோடு எடுக்கும்படி மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது உணவாக இருக்கவேண்டும். எண்ணெயும் காரமும் சில நாள் குறையட்டும். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் வயிறு பழகிவிடும்; பழகாவிட்டால் மெல்லக் கரையும் வகையைக் கேட்கலாம். தாமாக நிறுத்தக்கூடாது.

“ஞாயிறுக்குள் சரியாகுமா?”

“உறுதி சொல்ல முடியாது, ஐயா.”

வெள்ளி மாலை பெர்னார்ட் அலமாரியின் அடியிலிருந்து சோற்றுப்பானையை எடுத்துக் கழுவினார். நாதன் காரமில்லாத மீன் சொதியோடு வந்து சேர்ந்தார்.

“அவ இருந்தா ஊறுகா வச்சிருப்பா.”

“அவ இருந்தா ஒன்ன பிஸ்கட் திங்க விட்டிருப்பாளா? சாப்புடு.”

சனிக்கிழமையும் இருவரும் சேர்ந்தே உண்டார்கள்; மாத்திரையும் இரவு உணவோடு இறங்கியது.

ஞாயிறு காலை வழக்கமான பசியோடு, மாத்திரை இல்லாமல், பெர்னார்ட் கோயிலுக்குப் போனார். வாசலுக்கு அருகே, பாடகர் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டார். மாதா பாட்டைத் தொடங்கினார். அமலம்மாள் மூச்செடுக்கும் இடத்தில் அவரும் நின்று மூச்செடுத்தார். மூன்றாம் சரணத்தில் வயிறு ஒருமுறை முறுக்கியது. அவர் வாசலைப் பார்த்தார், பாடிக்கொண்டே இருந்தார்.

கடைசி அடி முடிந்த பிறகுதான் வெளியே போனார். ஓடவில்லை, நடந்தார்.