சுவரைத் தொட்ட கை

மகள் நீச்சல் பையைக் கூடத்து மூலையில் விட்டெறிந்தாள்.

"இனிமே நான் நீந்தப் போறதில்ல. யாரும் வந்து புத்தி சொல்ல வேணாம்."

பட்டர்ஃப்ளை நீச்சலில் ஒரு விதி உண்டு. சுவரை அடைந்து திரும்பும்போது இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் அதைத் தொட வேண்டும். ஒரு கை முந்தினாலும் போட்டியை விட்டே தூக்கிவிடுவார்கள். மகளை அப்படித் தூக்கியது இது இரண்டாவது முறை. இரண்டு கையும் சேர்ந்துதான் தொட்டன, நடுவருக்குத்தான் கண் தெரியவில்லை என்பது அவள் கட்சி. பயிற்சியாளர் எதிர்முனையில் நின்றதால் அவருக்கும் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

சாதாரணமாகத் தோற்றுவிட்டு வந்தால் அந்தப் பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், மறுநாள் விடிவதற்குள் குளத்துக்குக் கிளம்பிவிடுவாள். அது அம்மாவுக்குத் தெரியும். ஆனால் இது வேறு. தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணம் உள்ளே இறங்கிவிட்டால் பெண் நிஜமாகவே விட்டுவிடுவாள். எட்டு வயதிலிருந்து தண்ணீரே கதி என்று கிடந்தவள். அம்மா அந்தப் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"அடுத்த போட்டில உன் கை சுவரைத் தொடுறதை நான் படம் புடிக்கிறேன். அதைப் பாத்துட்டு, விடுறதா இருந்தா விடு."

"நீயா? உன் ஸ்க்ரூ கேமராவை வெச்சா?"

ஸ்க்ரூ கேமரா என்று பெயர் வைத்தது அப்பா. அம்மா தையல் மெஷின் மெக்கானிக். துணி தைக்கும் பட்டறைகளில் அவளை ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புதுசாகப் படம் எடுக்கப் பழகுகிறவர்கள் வாங்குகிற டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை, கூடவே வந்த சின்ன லென்ஸோடு வைத்திருந்தாள். மெஷினைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்வாள். பூட்டும்போது கடைசிப் படத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வருவாள். எந்தத் திருகு எங்கே என்று குழம்ப வேண்டியதில்லை, நூலைப் பிடிக்கும் கொக்கியில் விழுந்த மயிரிழைக் கீறல்கூடப் பளிச்சென்று தெரியும். "ஊர்ல எல்லாரும் பெத்த பிள்ளையைப் படம் எடுப்பாங்க. உங்கம்மா ஸ்க்ரூவை எடுத்து ஆல்பம் போடுவா" என்பார் அப்பா. அவர் பஸ் ஓட்டுகிறவர். வாய்க்கும் பிரேக் கிடையாது.

அடுத்த போட்டிக்கு அவர் ஓட்டிய ஏசி பஸ்ஸிலேயே ஊசியம்மா போய் இறங்கினாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கூரை போட்ட நீச்சல் குளம், உள்ளே நுழைந்ததும் குக்கரைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. திரும்பும் சுவருக்கு நேர் மேலே பார்வையாளர் மாடம். அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு இடம் போட்டாள். கேமராவை எடுத்துப் பார்த்தால் எல்லாம் வெள்ளை. பஸ்ஸில் சில்லிட்டிருந்த லென்ஸில் ஆவி படிந்துவிட்டது. கீழே விசில் ஊதிவிட்டார்கள். கையில் கிடைத்தது சட்டை முனைதான். அவசர அவசரமாகத் துடைத்தாள்.

காலையிலிருந்து அந்தச் சட்டை முனையில்தான் மெஷின் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எங்கே ஞாபகம் வந்தது?

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள் என்பார்கள். ஊசியம்மா லென்ஸிலேயே எண்ணெயை விட்டுக்கொண்டு பார்த்தாள். படத்தில் விளக்குகள் எல்லாம் பூசணிக்காய் அளவுக்கு ஊதியிருந்தன. மகள் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு நீலக் கலங்கல். மகளை அன்றைக்கும் தூக்கிவிட்டார்கள்.

"போதும்மா. விட்டுடு" என்றாள் மகள். அழக்கூட இல்லை. அதுதான் அம்மாவைச் சுட்டது.

"கோட்டை விட்டது நான். அதுக்கு நீ ஏன் விடணும்? இன்னும் ஒரே ஒரு போட்டி. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

ஒற்றைக் காலில் நின்று சம்மதம் வாங்கினாள். வாங்கிவிட்டு, பட்டறையில் ஓடுகிற மெஷினின் ஊசியைப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். ஊசி துணியைத் தொடுகிற அந்தக் கணத்தில் அது படத்தில் நிற்க வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கேமரா நாலைந்து படம் எடுத்துவிட்டு மூச்சு வாங்கியது. அந்த நேரத்தில் ஊசி பாதித் துணியைத் தைத்து முடித்துவிட்டது. ஆகவே ஒரே அழுத்து, அதுவும் ஊசி இறங்குவதற்கு ஒரு நொடிப் பிசிறு முன்னால். கேமராவின் ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படம் இருட்டியது. ஒளியை வாங்கும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றினால் வெளிச்சம் வந்தது, கூடவே மணல் தூவியது போலப் புள்ளிகளும் வந்தன. புள்ளி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், கண்காட்சிக்கா வைக்கப் போகிறோம்? தையல்காரப் பெண்கள் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். சிரித்தவர்களையே மெஷினை மிதிக்கச் சொல்லி ஊசியம்மா பழகினாள்.

போட்டியன்று குளத்துக்கு முதல் ஆளாக வந்தாள். துவைத்த சட்டை. கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தச் சூட்டுக்குப் பழகும்வரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்து, மகள் தொடப்போகும் சுவர் விளிம்பில் ஃபோகஸ் வைத்து, அது தண்ணீர்த் தெறிப்பைப் பார்த்து அலையாமல் இருக்க லென்ஸில் இருந்த சின்ன விசையை மேனுவலுக்குத் தள்ளினாள். ஃபிளாஷை அமர்த்தினாள்.

மகள் வந்தாள். தலை எழுந்தது, கைகள் விரிந்தன, அமிழ்ந்தாள். மறுபடி எழுந்தாள். அம்மா அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டாள். இன்னொன்று. இதோ.

ஒரே அழுத்து.

நடுவர் கையை உயர்த்தினார். இந்த முறையும் தூக்கிவிட்டார்கள்.

"இருடா, உனக்கு இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியம்மா திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். ஊசி போலத் துல்லியம். சுவரில் வலது கை பதிந்திருந்தது. விரல் நகம் வரைக்கும் தெரிந்தது. இடது கை இன்னும் வந்து சேரவில்லை. ஒரு சாண் பின்னால், சொட்டும் நீரோடு காற்றில் நின்றது.

நடுவரின் முகத்தில் எறிவதற்கென்று எடுத்த படம் அது. இத்தனை பாடும் அதற்குத்தான். மகள் சொன்னதை அம்மா அப்படியே நம்பியிருந்தாள்.

பணி முடிந்து வந்திருந்த அப்பா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். வழக்கமான கேலி வரவில்லை.

"படம் சரியா விழலைன்னு சொல்லிடு. அழிச்சிடு. பாவம் அது."

குப்பைத்தொட்டிப் பொத்தான் கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நினைத்துப் பார்த்தாள். அழித்தால் பெண் நடுவரைத் திட்டிக்கொண்டே நீச்சலை விடுவாள். காட்டினால் தன்னைத் திட்டிக்கொண்டு விடுவாள். எப்படிப் போனாலும் விடத்தான் போகிறாள் என்றால், பெற்ற பெண்ணிடம் பொய் சொன்னதாவது மிஞ்சாமல் இருக்கட்டும்.

தலை ஈரம் சொட்ட மகள் படியேறி வந்தாள். அம்மா கேமராவை நீட்டினாள்.

மகள் பார்த்தாள். பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அம்மாவுக்குத் தாங்கவில்லை.

"குடும்மா. அழிச்சிடுறேன்."

மகள் கேமராவை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாத." மூக்கை உறிஞ்சினாள். "இந்தக் கை அங்க என்ன பண்ணுது? இதுக்கு முன்னாடி எடுத்தது இருக்கா?"

"ஒண்ணுதான் எடுத்தேன்."

"ஒண்ணு பத்தாது." மகள் தன் இடது கையை விரித்துப் பார்த்தாள், யாரோ ஒருத்தியுடைய கையைப் பார்ப்பது போல. "நாளைக்குக் காலைல என்கூட வா. அது சேர்ந்து வர்ற வரைக்கும் நான் தொட்டுக்கிட்டே இருக்கேன். நீ எடுத்துக்கிட்டே இரு."