காயாத வானம்

எனக்கு நாற்பத்தாறு வயது. எண்ணெய் வர்ணம் பழகத் தொடங்கி ஐந்து மாதம். இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வரிப்பத்தான்சேனையிலிருந்து கல்முனைக்கு பஸ் ஏறிப் போகிறேன். கற்பிக்கும் சுஜிந்தன் சேர் என் மூத்த மகளைவிட இரண்டு வயது இளையவர். இருந்தாலும் சேர் சேர்தான்.

ஒரு பழைய ஐரோப்பியப் படத்தைப் பார்த்துக் கீறுவதுதான் அவர் தந்த பாடம். சாதாரணச் சனங்களையும் சீறும் வானத்தையும் ஓவியர்கள் ஆசையோடு கீறிய காலமாம் அது, இருநூறு வருடத்துக்கு முந்தியது. வைக்கோல் வண்டி, இருட்டிவரும் மழை, பதறி ஓடும் ஒரு குடும்பம். அதில் ஒருத்தியின் முக்காட்டைக் காற்று பிடித்து இழுக்கிறது. அவளைக் கண்டதும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

"அப்படியே கீறுங்க அக்கா. மூலப்படத்துல இல்லாத ஒண்டும் வரப்படா" என்றார் சேர்.

மாத முடிவில் சனிக்கிழமை கண்காட்சி. பட்டியலில் என் பெயரும் இருந்தது. தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். என் கணவர் பதியுதீன் மட்டும் நக்கலடித்தார்.

"அந்த வண்டிக்காரன எங்கட வேளாண்ம நெல்லையும் ஏத்தித் தரச் சொல்லு, புள்ள."

வானத்துக்கு வந்தபோது, வர்ணத்தை இளக்கும் லின்சீட் எண்ணெய் முடிந்துவிட்டது. அடுத்த வகுப்புவரை பொறுக்க என்னால் முடியுமா? எண்ணெய் எண்ணெய்தானே என்று குசினியிலிருந்த தேங்காயெண்ணெயை ஊற்றினேன். மேகம் தானாக உருண்டு வந்தது. அப்படியொரு சந்தோசம். அன்று சோறுகூட ஆக்கவில்லை.

பத்து நாளாகியும் வானம் காயவில்லை. சேருக்குப் போன் எடுத்தேன்.

"தேங்காயெண்ணெ காயுற எண்ணெ இல்ல அக்கா. ஈரமெண்டா சுவரில மாட்ட ஏலா."

எங்கள் ஊர் வெயிலில் காயாத சாமானும் உண்டா? இது காயாத சாமானாம் என்று பதியுதீனிடம் கோபத்தோடு சொன்னேன். வியாழக்கிழமை, வீதியோரம் காயப்போட்டிருந்த நெல்லுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, அதன்மேல் படத்தை வைத்தேன்.

"இடைக்கிட கிண்டிவிடு, சுறுக்காக் காயும்" என்று சிரித்தார் பதியுதீன்.

மதியம் ளுஹர் தொழுது எழும்பும்போது இடி முழங்கியது. ஓடி வந்தேன். சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கிவிட்டது. அந்தப் போகத்து நெல் வீதியில் கிடக்க, பதியுதீன் அதை மூடும் தார்ப்பாய்ப் படங்கோடு ஓடி வந்துகொண்டிருந்தார். நெல்லைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். படங்கை அப்படியே போட்டுவிட்டு, படத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் பாய்ந்தார்.

பிறகு இருவருமாக ஓடி நெல்லை மூடினோம். பாதி நனைந்துவிட்டது.

"நெல்ல விட்டுட்டு இதையா தூக்கினீங்க?" என்று கத்தினேன்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நெல்லு நனைஞ்சா திரும்பக் காயும். இது காயாத சாமான் எண்டு நீதானே சொன்ன."

உள்ளே போய்ப் பார்த்தால், படத்தின் வானத்தில் வலது மூலையில் அவருடைய பெருவிரல் அப்படியே பதிந்திருந்தது. அதைக் கண்டதும் அவர் முகம் வாடிவிட்டது.

சனிக்கிழமை சேர் என் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. மேசையில் படுக்கவைத்து, 'தொடாதீர்கள், ஈரம்' என்று எழுதி வைத்தார். வந்த சனமெல்லாம் அந்த மேசையைத்தான் மொய்த்தது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

சேர் குனிந்து பார்த்தார். "அக்கா, வானத்துல விரல் அடையாளம் ஒண்டு கிடக்கு. ஈரந்தானே, ஒரு தடவலில அழிச்சிரலாம்." தூரிகையை எடுத்துவிட்டார்.

நான் படத்துக்குக் குறுக்கே கையை நீட்டினேன்.

"அத விடுங்க சேர்."

"மூலப்படத்துல அது இல்லையே."

"ஓம் சேர், அதுல இல்ல. பாவம், அந்தப் படம்."

பக்கத்தில் பதியுதீன், எதிலும் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.