காற்றுவழி மோட்டாரும் ஆறிய காபியும்

அன்று ஸர்க்கா நகரில், மெக்கானிக் உஸ்தா கஸ்ஸானின் பணிமனையில் இருந்தவர்கள்: காருக்குள் தலைகீழாக உஸ்தா; பழைய டயர் மேல் கார்க்காரர் முந்திர்; இருந்த ஒரே நாற்காலியில் முந்திரின் மைத்துனர் அவ்வாத்; பேட்டரிப் பெட்டி மேல், ரசீதும் கடிதமும் எழுதும் நான்.

முந்திரின் மனைவி ரூலா தாய்வீட்டில் இருந்தாள். புகைப்பதை விட்டதாகச் சத்தியம் செய்த கணவரின் காரில் சிகரெட் நாற்றம். பஸ் நிலையத்தில் ஊரார் ஊதுவது உள்ளே வருகிறது என்றார் முந்திர். கோளாறு காரில்தான் என்று பணிமனை எழுதித் தந்தால் மகளை அனுப்புவதாகச் சொன்ன மாமனார், சாட்சியாக மகன் அவ்வாத்தை அனுப்பியிருந்தார். வைத்த காபியை அவ்வாத் தொடவில்லை. ஒன்றைக் கேட்டு வந்தவர் அது கிடைக்கும்வரை கோப்பையைத் தொடுவதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம்.

உஸ்தா டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, வயர் முனையில் சோதனை விளக்கை வைத்தார். முந்திர் வெளிக்காற்றுப் பொத்தானை அழுத்த, விளக்கு எரிந்தது. மோட்டார் அசையவில்லை. பேட்டரியிலிருந்து நேரே கொடுத்தும் அசையவில்லை.

"கரண்ட் வருது. மோட்டார்தான் செத்துப்போச்சு. வெளிக்காத்து வர்ற வழி மூடினபடியே நின்னுபோச்சு."

"மூடியா இருக்கு?" முந்திரின் முகம் வெளுத்தது.

"ஈ கூட நுழையாது."

அவ்வாத் சாய்ந்து உட்கார்ந்தார். "ஈ நுழையாத வண்டியில சிகரெட் மட்டும் எப்படி நுழைஞ்சுது, மாப்பிள்ளை?"

முந்திர் வாய் திறக்குமுன், உஸ்தா மோட்டாரை இழுத்தார். அதன் பின்னாலிருந்து பாதி காலியான சிகரெட் பெட்டியும் சிகரெட்டைச் செருகிப் பிடிக்கும், வெள்ளிப் பூண் போட்ட அம்பர் குழலும் விழுந்தன. அந்தக் குழல் யாருடையது என்று தெருவுக்கே தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் முந்திரின் காரை இரவல் வாங்கியவர் யார் என்பதும் தெரியும். தன் அப்பாவிடம் அவரும் அதே சத்தியத்தைச் செய்திருந்தார்.

"மச்சான், ரொம்ப நாளா இதைத்தானே தேடினீங்க?" என்றார் முந்திர்.

அவ்வாத் காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

உஸ்தா மாட்டிய புது மோட்டார் 'உர்ர்' என்றது. காற்றுவழி மூடி திறந்து மூடியது. நான் பேனாவை எடுத்தேன்.

"புகை எங்கிருந்து வந்துச்சுன்னு எழுதணுமா?"

"மோட்டார் செத்துச்சு, மாத்தியாச்சுன்னு எழுதுங்க போதும்," என்றார் அவ்வாத். "பழி போட்டா மோட்டார் ஒண்ணும் கோவிச்சுக்காது."

"உண்மைதானே," என்ற முந்திர், குழலைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இது எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும். ரூலா வரட்டும்."

நாலு வரி எழுதினேன். ஒரு வரியிலும் பொய் இல்லை. உறையை ஒட்டி, முத்திரை குத்தி, சாட்சியின் கையிலேயே கொடுத்தனுப்பினேன்.