ரியாசோர் கடற்கரையில் ஒருவன்

பீல் நகரில் கடிகார மூடிகளுக்கு மெருகேற்றும் தொழிற்சாலை. கிளமென்ற் சொன்ன அடையாளங்களைக் கேட்டதும், கூட வேலை செய்யும் பெனீத்தோ சாப்பாட்டு மேசையில் சிந்திக்கிடந்த உப்பை உள்ளங்கையால் பரப்பினான். கடலுக்குள் நீளும் ஒரு நாக்கை விரலால் வரைந்து, நுனியில் புள்ளி வைத்தான். சதுரமான வெளிச்சவீடு, ரோமர் காலத்தது. இந்தப் பக்கம் துறைமுகம், அந்தப் பக்கம் ரியாசோர் மணல், மணலோடு ஒட்டினாற்போல் பந்து மைதானம்.

"லா கொருன்யா. என் ஊர். இப்படி வேறெங்கும் இல்லை."

கிளமென்ற் உப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிறு காலை தம்பி றெக்சன் எடுத்த தொலைபேசியில் ஊர்ப் பேர் வரவில்லை. லைனில் இடத்தின் பேர் சொல்லக்கூடாது என்பது, ஆட்களைக் களவாய் எல்லை தாண்டவைக்கும் ஏஜென்சிக்காரன் போட்ட சட்டம். "கூட்டிக்கொண்டு வந்தவன் விட்டிட்டு ஓடிட்டான் அண்ணை. ரெண்டு பக்கமும் கடல், முனையிலை சதுரமா ஒரு வெளிச்சவீடு, கடற்கரையோட பந்து மைதானம். நேற்று மச் முடிய, நீல வெள்ளைக் கோடு போட்ட சட்டையோட பெரிய ஆம்பிளையளெல்லாம் ரோட்டிலை குந்தி அழுதவை. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இந்த மணலிலதான் நிப்பன்." அதற்குள் சில்லறை முடிந்துவிட்டது.

அந்த அழுகைக்கும் பெனீத்தோவிடம் காரணம் இருந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு பெனால்டி. பந்து உள்ளே போயிருந்தால் ஊரின் முதல் லீக் கிண்ணம். எதிரணிக் கோல் கீப்பர் பிடித்துவிட்டான். பீலில் இருக்கும் கொருன்யாக்காரர்களும் ஒருவரோடொருவர் கதைக்காமல் கலைந்தார்களாம்.

கிளமென்ற்றின் அகதி அட்டையை வைத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. பெனீத்தோவின் தங்கை அங்கே மீன்சந்தையில் வேலை செய்கிறாள். இன்று பின்னேரம் போய்ப் பார்ப்பாள். தம்பியின் பேரைக் கிளமென்ற் சொல்லிக்கொடுத்தான்.

"றெக்சன்."

"ரெக்சோன்."

"சரி, அது காணும்."

வீட்டில் மனைவி றீற்றா, தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியிருந்தாள். "இஞ்சேருங்கோ, அவளுக்கு ஆளை அடையாளம் தெரியுமோ?"

"வெள்ளைக்காரர் சட்டையைக் கழட்டிப்போட்டுக் கறுக்கப் படுத்திருக்கிற இடத்திலை, சட்டை போட்டுக்கொண்டு கறுப்பா நிக்கிறவன் அவன் ஒருத்தன்தானே."

றீற்றா சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டுக் கன நாள்.

மறுநாள் மத்தியானம் பெனீத்தோ தட்டை எடுக்காமல் வந்து இருந்தான். தங்கை கண்டுவிட்டாள். மைதானச் சுவரோரம், மெலிந்தவன், மடியில் ஒரு பை. தூரத்திலிருந்தே பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். அவன் திரும்பவில்லை. எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, காது கேளாதவன்போல நடந்தான். இவள் உரக்கக் கூப்பிட்டுக்கொண்டு பின்னால் ஓட, அவனும் ஓடத் தொடங்கினான். இன்று விடியவும் போனாள். மணலில் ஒருவரும் இல்லை.

"வேறு யாரோ போல," என்றான் பெனீத்தோ.

"இல்லை. அவன்தான்."

றெக்சன் கொழும்பிலிருந்து வெளிக்கிட முன் கிளமென்ற்தான் சொன்னான். "வேற பேரிலை பாஸ்போட். ஆர் உன்ர சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதை. பொலிஸ்காரன் அப்பிடித்தான் பிடிப்பான். அம்மா கூப்பிட்டாலும் திரும்பாதை, விளங்குதோ?" "ஓம் அண்ணை" என்றவன், சொன்னபடியே நடந்திருக்கிறான்.

பெனீத்தோ ஏதோ கேட்டான். மணி அடித்ததும் கிளமென்ற் எழுந்துபோய் மெருகுச் சக்கரத்தைப் போட்டு, ஒரு மூடியை அதில் அழுத்தினான். விரல் நுனியில் சூடு ஏறியது. விரலை எடுக்கவில்லை. விளிம்பு தேய்ந்து வட்டம் கோணத் தொடங்கியது. பெனீத்தோ எட்டி மோட்டாரை நிறுத்தினான். சக்கரம் உடனே நிற்கவில்லை.