இடது கன்னத்து மச்சம்

என் கணவருக்குக் கண் தெரிந்தவரை கடவுள் கிடையாது. சாமி கும்பிடுகிறவர்களைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. அப்போது அவர் எழுதிய கவிதைகள் எல்லாம் என்னைப் பற்றியவை. என் நடை, என் கோபம், நான் தலை துவட்டுவது, ஒன்று பாக்கியில்லை. பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, சில வருடங்களுக்கு முன் முழுக்கப் போனது. அதன் பிறகு கடவுள் வந்து உட்கார்ந்துகொண்டார், நேராக என் இடத்தில்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க அவர் தனியாக இருந்து மனதுக்குள்ளேயே கவிதை கட்டுவார். ஒரு வரி முடிந்தால் துணி கிளிப் ஒன்றை எடுத்துச் சட்டை ஓரத்தில் மாட்டிக்கொள்வார். சாயங்காலம் நான் வந்ததும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரிகளைச் சொல்வார், நான் எழுதுவேன். கதவைத் திறந்ததும் அந்தக் கிளிப் வரிசையைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அத்தனையும் கடவுள் என்கிற அந்த ஆளுக்கு. ‘உன் மடியில்’, ‘உன் நிழலில்’ என்று இவர் உருகுவார். புருஷன் எழுதும் காதல் கடிதத்தை என் கையெழுத்தில் நான் எழுதித் தர வேண்டும். சக்களத்தியாக இருந்தாலாவது நேரில் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

புதுத் தொகுப்புக்கு ஒரு கவிதை குறைகிறது என்று பதிப்பாளர் சொன்ன அன்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

“அது என்னைப் பத்தி இருக்கணும். இல்லன்னா இனிமே வேற ஆளை வெச்சு எழுதிக்கோங்க.”

“இந்த வயசுலயா?” என்றார்.

“உங்க கடவுளுக்கு மட்டும் வயசு கம்மியா?”

வழக்கமாகச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

அடுத்த சில நாள்கள் சட்டை ஓரம் வெறுமையாகவே இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம் ஐந்து கிளிப்புகள். பையைக்கூட இறக்காமல் பேனாவை எடுத்தேன். முதல் வரியில் என் நடை வந்தது. இரண்டாவதில் என் கோபம். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது கிளிப்பைக் கழற்றியபடி சொன்னார்:

“இடது கன்னத்து மச்சத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கிறது.”

என் மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது. தடவினால் தட்டுப்படாத, பார்த்தால் மட்டுமே தெரிகிற மச்சம்.

“யாருங்க அவ, இடது கன்னத்துல மச்சம் வெச்சிருக்கிறவ?”

கிளிப் அவர் கையிலிருந்து விழுந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. அப்படி ஒருத்தி எங்குமே இல்லை.

“தப்பா சொல்லிட்டேனா?” என்றார். “உன் முகம் கொஞ்ச நாளா நழுவுது. மூக்கை ஞாபகம் வெச்சா கண்ணு போயிடுது. அதான் உன்னைப் பத்தி எழுதவே பயம். கடவுளை நான் பார்த்ததே இல்ல. மறந்துடுமோன்னு பயமில்லாம பேசலாம்.”

வலது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் விரல்கள் மீதி இரண்டு கிளிப்புகளையும் இறுகப் பிடித்திருந்தன.

“சரியாத்தான் சொன்னீங்க. இடதுதான். சும்மா வம்புக்கு இழுத்தேன்.”

“நெசமாவா?”

“என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?”

அவருக்கு மூச்சு வந்தது. ‘இடது’ என்று தெளிவாக எழுதினேன்.

மறுநாள் கதவைத் திறந்தால் சட்டை ஓரம் முழுக்கக் கிளிப். அன்று கடவுளுக்கு ஒரு வரிகூட இல்லை. எல்லாம் அந்த இடது கன்னத்து மச்சக்காரிக்கு. உட்கார்ந்து ஒரு வரி விடாமல் எழுதினேன், வயிறு எரிய.